மூன்றாம் ஜன்னலும் என் தங்கையின் காய்ச்சலும்

என் தங்கை இதுவரை வென்றவை: எட்டு வயதில் டைபாய்டு. பத்து வயதில், மாடிப்படியில் உருண்டு இரண்டாக முறிந்த இடது கை. ஒன்பதாம் வகுப்பில், பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது என்று சொல்லிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார். அதன் பிறகு, ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியில் படித்து வேதியியலில் முதல் மதிப்பெண். பதினெட்டு வயதில், ஐந்தே நாளில், பல்கலைக்கழக அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல்.

இவற்றில் டைபாய்டுதான் சுலபமாக இருந்தது. அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்று அவள் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்தில் ரத்தம் பரிசோதிக்கிறாள். வெள்ளை அங்கி, சட்டைப்பையில் இரண்டு பேனா. வீட்டில் அவளுக்குத் துரும்பு என்று பெயர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இவள் பல்லைக் குத்தியதோடு நிற்கவில்லை.

நான் அவளைவிடப் பதின்மூன்று வயது மூத்தவன். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். என் கிடங்கிலிருந்து ஒரு திருகாணி வெளியே போனாலும் அதற்குச் சீட்டு உண்டு. வீட்டிலும் அதே பழக்கம். எங்கள் அப்பா ஒருமுறை படித்துப் பார்க்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அதனால் இருந்த வீட்டை விட்டு இறங்கினோம். அப்பாவும் பிறகு அம்மாவும் போன பின், வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். எந்தத் தாளாக இருந்தாலும் நான் மூன்று முறை படிப்பேன். பிறகு நானே கையெழுத்துப் போடுவேன். துரும்பு எதிலும் போடக்கூடாது. முன்னேற்ற அறிக்கை, பேருந்துப் பாஸ், பள்ளிச் சுற்றுலாவுக்கான சம்மதம் எல்லாவற்றிலும் என் கையெழுத்துதான். தேர்வு அறையில் மட்டும் தன் பெயரை எழுத்து எழுத்தாக, டப்பாவில் ஒட்டும் சீட்டைப் போல எழுதிவிட்டு வருவாள். அது பெயர். கையெழுத்து ஆகாது.

பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். மதிப்பெண் சான்றிதழ், நான்கு புகைப்படம், மருத்துவக் காப்பீட்டுக்கான ஆதாரம் ஆகியவற்றை வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் மூன்றாம் ஜன்னலில் காட்ட வேண்டும். தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். காப்பீட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பணிமனை கொடுத்த குடும்பக் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. அவள் கை முறிந்தபோது அந்த அட்டைதான் எலும்பைச் சேர்த்து வைத்தது.

திங்கட்கிழமை காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். ஜன்னல்கள் முற்றத்தைப் பார்த்து இருந்தன. கூரை உண்டு, ஆனால் அது ஜன்னலுக்கு உள்ளே இருந்தது. வெளியே மழை. மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் அடிக்கடி சொன்ன சொல் "அடுத்தது" என்பதால், எங்கள் முறை வருவதற்குள் துரும்பு அவருக்கு "அடுத்தது சார்" என்று பெயர் வைத்துவிட்டாள்.

அடுத்தது சார் அட்டையைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல அப்பா பேரு ஒண்ணு, அதுல வேற ஒண்ணு. ஏம்மா, உனக்கு எத்தனை அப்பா?"

"ஒருத்தர்தான் சார். அவரு இப்ப இல்ல."

"அப்ப அட்டையில இருக்கறது யாரு?"

"இதோ நிக்கறாரே, எங்க அண்ணன்."

"அட்டையில நீ இவரோட மகள்னு போட்டிருக்கு. உனக்கும் இவருக்கும் பதிமூணு வயசுதான் வித்தியாசம்."

"அவரு சின்ன வயசுலயே ரொம்பப் பொறுப்பானவரு சார்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்தது சார் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அந்த ஜன்னலில் ஏற்பாடு இல்லை.

நடந்தது இதுதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பணிமனையில் காப்பீட்டுக்குப் பெயர் சேர்த்தபோது, படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன: மனைவி, மகன், மகள், தந்தை, தாய். தங்கைக்குக் கட்டம் இல்லை. "தங்கச்சின்னு எழுத எடம் இல்லப்பா. அஞ்சுல ஒண்ணு சொல்லு, இல்லன்னா அவளுக்கு அட்டை இல்ல" என்றார் அலுவலக எழுத்தர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐந்தையும் மூன்று முறை படித்தேன். நான்கு பொருந்தவே இல்லை. மிச்சம் இருந்ததைக் காட்டினேன். திருகாணிக்குக்கூடப் பொய்ச்சீட்டு எழுதாத நான் எழுதிய ஒரே தவறான பதிவு அது. ஆனால் அன்று அதைத் தவறென்று நினைக்கவில்லை. அவளுக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியது யார்?

"அவரு அப்பான்னா சான்றிதழ் பொய். அவரு அண்ணன்னா அட்டை பொய்" என்றார் அடுத்தது சார். "ரெண்டுல எது பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அடுத்தது!"

நான் பேனாவை எடுத்துவிட்டேன். துரும்பு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதண்ணா. அட்டை பொய்னு எழுதிக் குடுத்தா உன் வேலை என்ன ஆகறது?"

"உன் படிப்பு?"

"அதுக்கு வேற வழி இருக்கும். நீ பொய்யன்னு எழுதித்தான் நான் படிக்கணும்னா, அந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்."

வேறு வழி இருந்தது. வளாகத்திலேயே மாணவர்களுக்கென்று ஒரு காப்பீடு உண்டு. அதற்கு ஐந்தாம் ஜன்னல். செவ்வாய்க்கிழமை அங்கே நின்றோம். ஐந்தாம் ஜன்னலில் இருந்த அம்மா மிகவும் நல்லவர். "ஒண்ணும் கஷ்டமில்ல கண்ணு. மாணவர் எண்ணைச் சொல்லு, அஞ்சு நிமிஷத்துல சேர்த்துடறேன்" என்றார்.

"எண் எங்க மேடம் தருவாங்க?"

"மூணாம் ஜன்னல்ல."

மூன்றாம் ஜன்னலுக்குப் போனோம். எண் வேண்டுமென்றால் பதிவு ஆக வேண்டும், பதிவு ஆக வேண்டுமென்றால் காப்பீடு வேண்டும் என்றார் அடுத்தது சார்.

"கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்னு சொல்லுவாங்களே, அதைக் கட்டடமாவே கட்டி வச்சிருக்காங்கண்ணா" என்றாள் துரும்பு.

புதன்கிழமை முழுவதும் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடந்தோம். இரண்டுக்கும் இடையே பதினெட்டு அடி. எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது. வியாழக்கிழமை அவள் தனியாக மழையில் வரிசையில் நிற்க, நான் பணிமனை எழுத்தரிடம் போனேன். அட்டையில் மகள் என்பதைத் தங்கை என்று மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"ஒம்பது வருஷமா உன் பொண்ணு. திடீர்னு இல்லங்கற. நான் மேல என்னன்னு எழுதறது, பெத்தவன் மனசு மாறிட்டான்னா?" என்றார். கொஞ்சம் யோசித்து, "பேசாம அவளுக்குக் கல்யாணத்தப் பண்ணிடு. பேரையே எடுத்துடலாம். அதுக்குக் கட்டம் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை துரும்பின் கண்கள் சிவந்திருந்தன. நாலு நாள் மழை வேலையைக் காட்டிவிட்டது. நெற்றியைத் தொட்டால் கொதித்தது. வீட்டிலேயே இரு என்றால் கேட்கவில்லை. "இன்னிக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும்தான் எனக்கு எடம். அதுவரைக்கும் காய்ச்சல் பொறுக்கட்டும்" என்றாள். பத்தேமுக்காலுக்கு வரிசையில் நின்றபடியே தள்ளாடினாள். முற்றத்துக்கு எதிரிலேயே மாணவர் நல மையம். தோளைப் பிடித்து அழைத்துப் போனேன்.

மாணவர் நல மையம் பத்து மணிக்குத் திறந்து பன்னிரண்டு மணிக்கு மூடும். மாணவர்களுக்கு வகுப்பு நடப்பதும் அந்த நேரத்தில்தான். இதனால் மையத்தில் கூட்டமே இருக்காது. மாணவர்களின் உடல்நலம் மிக நன்றாக இருக்கிறது என்று ஆண்டுதோறும் அறிக்கை போகும். அலமாரியில் ஒரே ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது, ஆயிரக்கணக்கில். காய்ச்சலுக்கு அதில் ஒன்று. தலைவலிக்குப் பாதி. வயிற்றுவலி என்று வந்தவர்களுக்கு அதையே தண்ணீர் நிறையக் குடித்து விழுங்கச் சொல்வார்கள்.

வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மாணவர் எண்?"

"இல்லீங்க. காய்ச்சல்."

"எண் இல்லாம காய்ச்சலை எங்க எழுதறது?"

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். திங்கட்கிழமையிலிருந்து தொடங்கினேன். செவ்வாய்க்கு வருவதற்குள் பக்கத்தில் தொப்பென்று சத்தம். துரும்பு தரையில் கிடந்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஒரே ஆளாக அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

"சிஸ்டர், எண் இல்ல..." என்றேன்.

"நின்னுட்டு வந்தாத்தான்பா எண் வேணும். விழுந்துட்டா வேண்டாம். அது அவசரப் பதிவேடு" என்றார். பிறகு வாசலில் இருந்தவரைப் பார்த்து, "இது தெரிஞ்சா நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் விழும்னுதானேய்யா சொல்லாம வச்சிருக்கோம்" என்றார்.

தண்ணீர் தெளித்ததும் துரும்பு கண் விழித்தாள். நர்ஸ் அவள் வாயில் வெப்பமானியைச் செருகி, "மூணு நிமிஷம் பேசக்கூடாது" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. துரும்பு கையை நீட்டி எதையோ காட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று டம்ளரைக் கொடுத்தேன். தள்ளிவிட்டாள். மின்விசிறியா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். அவள் விரல் போன திசையில் பார்த்தேன். உயரம் அளக்கும் கம்பத்துக்குப் பின்னால், சுவரில், மஞ்சளாகிப்போன ஒரு விதிப்பலகை. நின்றால் கம்பம் மறைக்கும், உட்கார்ந்தாலும் மறைக்கும். அந்தக் கட்டிலில், அந்தத் தலையணையில் தலை வைத்துப் படுத்தால்தான் முழுதாகத் தெரியும். எழுதி மாட்டியவர் நோயாளியாக இருந்திருக்க வேண்டும்.

தலையணையோரம் நானும் தலையைச் சாய்த்தேன். ஏழாவது விதி இது: சேர்க்கைக் கடிதம் பெற்றவர் வளாகத்துக்குள் நோயுற்று முதலுதவி பெற்றால், அவரை அன்றே மாணவர் காப்பீட்டில் சேர்க்கலாம். பதினெட்டு வயது நிறைந்தவராயின் அவரது கையொப்பமே போதும்.

மூன்று முறை படித்தேன். அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலில், ஒரே முறையில்.

"பதினாறு வருஷமா இங்க இருக்கேன், இதை யாருமே கேட்டதில்ல" என்றார் நர்ஸ். மாத்திரை டப்பாக்களுக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். மணி பதினொன்று இருபது.

நான் படிவத்தை வாங்கி நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதி முடித்து, உறவுமுறைக் கட்டத்தைத் தேடினேன். அதில் என்ன எழுதுவது என்ற பயத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

"அப்படி ஒரு கட்டமே இல்லண்ணா" என்றாள் துரும்பு, வெப்பமானியை எடுத்துவிட்டு. "இது எனக்கு நானே எடுக்கறது."

என் கை பழக்க தோஷத்தில் கடைசிக் கோட்டுக்குப் போனது. நர்ஸ் பேனாவின் மேல் விரலை வைத்தார்.

"ஏம்பா, காய்ச்சல் யாருக்கு?"

"இவளுக்கு."

"அப்ப நீ ஏன் நடுங்கற? பேனாவை அவகிட்ட குடு."

கொடுத்தேன். துரும்பு என்னைப் பார்த்தாள். "படிச்சிட்டியாண்ணா?" என்று கேட்டாள். "நீயே படிச்சிட்டியே" என்றேன். அவள் படுத்தவாக்கில், மார்பின் மேல் எழுதுபலகையை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் ஜன்னலுக்கு நாங்கள் வந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அடுத்தது சார், காப்பீட்டில் சேர்த்தாயிற்று என்று நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டை முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். குறை எதுவும் கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"காய்ச்சல் வந்ததுக்கு என்ன ஆதாரம்?"

துரும்பு கையை ஜன்னலுக்குள் நீட்டினாள். "தொட்டுப் பாருங்க சார்."

அவர் தொடவில்லை. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார். எண் கொடுத்தார். "அடுத்தது" என்றார்.

பணிமனை அட்டையிலிருந்து அவள் பெயரைப் பிறகு எடுத்துவிட்டேன். காரணம் எழுதும் இடத்தில் திருமணம், மரணம், பிற என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பிற என்பதில் குறியிட்டேன். எழுத்தர் "மகள் வளந்துட்டாளா?" என்றார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. நல மையத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் துரும்பு முதலில் செய்தது, உயரம் அளக்கும் கம்பத்தை இடம் மாற்றியதுதான். இப்போது அந்த விதியை நின்றுகொண்டே படிக்கலாம். யாரும் விழ வேண்டியதில்லை.

படிவத்தின் நகல் என் கோப்பில் இருக்கிறது. அப்பாவின் தலைப்பெழுத்து பெரிதாக, பிறகு அவள் பெயர், காய்ச்சலில் கொஞ்சம் மேல்நோக்கி ஏறிப்போகிறது. கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டிவிட்டது. அதன் கீழே, எந்தத் தாளிலும் தேதி விடக்கூடாது என்று நான் சொல்லிச் சொல்லி வளர்த்ததை மறக்காமல், தெளிவாக எழுதியிருக்கிறாள்: 14-7-2017, வெள்ளிக்கிழமை.