மாலை போட்ட படம்

நாகல் நகரில் ஒரு பூட்டுக்கடையின் மொட்டை மாடியில்தான் எங்கள் கராத்தே வகுப்பு நடந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மீசைக்காரர் ஒருவரின் படம் மாட்டியிருக்கும். எங்கள் மாஸ்டருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர், மதுரைக்காரர். மாஸ்டர் ‘ரெய்’ என்றதும் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து இடுப்பு வளையக் குனிய வேண்டும். ஜப்பானில் குனிவதோடு சரியாம். எங்கள் மாஸ்டருக்கு அது போதவில்லை. படத்துக்குச் சந்தனப் பொட்டு வைப்பார், பத்தி கொளுத்துவார், வெள்ளிக்கிழமையென்றால் சூடமும் காட்டுவார்.

எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் இதை வீட்டில் உளறிவிட்டேன். அம்மா கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் சின்ன சிவப்பு பல்பு இரவும் பகலும் எரியும். அது வேறாம், இது வேறாம். என்னைத் தவிர வேறு தெய்வம் உனக்கு இருக்கக் கூடாது என்கிற முதல் கட்டளையை ஒப்பிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பச்சை பெல்ட் தேர்வுக்குத் தானே வந்து பார்ப்பதாகவும், அங்கே படத்தை வைத்துக் கும்பிடு நடந்தால் அன்றோடு கராத்தேக்கு முழுக்கு என்றும் சொல்லிவிட்டார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என்னைக் கிண்டலடித்த பையன்கள் முன்னால் அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று அப்படியொரு வெறி எனக்கு.

அந்த ஞாயிறு பார்த்துத்தானா மாஸ்டருக்குப் பக்தி முற்ற வேண்டும்? நிலக்கோட்டையிலிருந்து தடிமனாக ஒரு மல்லிகை மாலை வரவழைத்துப் படத்துக்குப் போட்டிருந்தார். தேர்வு வைக்க மதுரையிலிருந்து வரவேண்டியவர் இன்னும் வரவில்லை. நாங்கள் சத்தமில்லாமல் வரிசையில் நின்றோம். அப்போதுதான் அம்மா சர்ச்சில் திருப்பலி முடிந்து, முக்காட்டோடு மாடியேறி வந்தார்.

படத்தைப் பார்த்தார். மாலை, பொட்டு, பத்திப் புகை, வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளைகள். முகத்தில் இருந்த சண்டைக்களை அப்படியே வடிந்தது. எங்கள் ஊரில் மாலை போட்ட படத்துக்கு ஒரே அர்த்தம்தான். துக்கம் என்று வந்துவிட்டால் அம்மாவுக்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது. செருப்பை ஓரமாகக் கழற்றினார். படத்துக்கு முன்னால் போய், எங்கள் யாரையும்விட நன்றாகக் குனிந்து, சிலுவை போட்டு, இறந்தோருக்கான செபத்தை முழுதாகச் சொன்னார். பிறகு மாஸ்டரிடம் தணிந்த குரலில், "எப்பத் தவறுனாக?" என்று கேட்டார்.

மாஸ்டர் பதில் சொல்வதற்குள், பஸ் லேட்டாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே, படத்திலிருந்த அதே மீசை மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தது.

அம்மா பிடித்த பிடியில் என் தோள் கன்றிப்போனது. மாஸ்டர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் மீசைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உசுரோட இருக்கவனுக்கு எதுக்கு அப்பு மாலை? கழட்டு" என்றார். பொட்டையும் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "எனக்காக யாரும் இம்புட்டு உருகி செபம் சொன்னதில்ல, டீச்சர்" என்று இடுப்பு வளையக் குனிந்தார். அம்மாவும் பதறிப்போய்ப் பதிலுக்குக் குனிந்துவிட்டார். அதற்கப்புறம் என்னை எந்த வாயால் தடுப்பார்? பெல்ட் கிடைத்தது. இந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாது என்று ஆட்டோவிலேயே உத்தரவும் கிடைத்தது.

நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் மாஸ்டர் போன் செய்தார். மீசைக்காரர் நிஜமாகவே போய்விட்டார். மாடிக்குக் கிளம்பிய என்னோடு அம்மாவும் கூப்பிடாமலே வந்தார். அதே படம், அதே போல மல்லிகை மாலை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவ சொன்னதும் வீணாப் போயிருக்காது. இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லுவோம்" என்றார். "நீயும் குனி."