மகாசபையில் நான் சொன்ன நன்றியுரை

எங்கள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எந்த நிறத்தில் புடவை நெய்வது என்று முடிவுசெய்ய ஒரு நிர்வாகக் குழு இருக்கிறது. குழுவில் தறியில் உட்காருகிறவர் ஒரே ஒருவர். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தறிக்கு ஓடிவிடுவார். மற்றவர்கள் தலைவர் தலையாட்டினால் ஆட்டுவார்கள். சங்கத்துக் கடைக்கு வருகிற பெண்கள் எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்பதை விரல்நுனியில் வைத்திருக்கும் எங்கள் விற்பனையாளருக்கு அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கக்கூட அனுமதியில்லை.

போன வருஷம் தலைவர் வீட்டுக் கல்யாணம். அவருடைய சம்பந்தியம்மா பாசிப்பச்சை உடலும் செங்கல் நிறக் கரையுமாக ஒரு புடவை கட்டியிருந்தார். பிரமாதம் என்று நாலு பேர் சொன்னார்கள். பந்தியில் கை நனைத்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? அடுத்த வாரமே எல்லாத் தறிகளுக்கும் பாசிப்பச்சையில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், வந்து இறங்கியது. கூலி கிடைத்தால் சரி என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு நெய்தோம். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் எங்கள் கடையில் கொஞ்ச நேரம் ஏசி வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் புடவை வாங்கினார்கள். அலமாரியில் புடவை தூங்கினால் சங்கத்துப் பணமும் அங்கேயே தூங்கும், புதுப் பாவுக்கு நூல் வாங்க முடியாது. எங்கள் வீட்டில் எனக்கொரு தறி, என் மனைவிக்கொரு தறி. இரண்டும் சும்மா கிடந்தன.

"மகாசபையில எழுந்து கேளுங்க. புடவை விக்கிற ஆளயும் பக்கத்துல வெச்சுக்கினு கலர் முடிவு பண்ணச் சொல்லுங்க. இப்டியே போனா நாம சோத்துக்கு இன்னா பண்றது?" என்றாள் மனைவி.

"நாக்க புடுங்கிக்கிற மாரி கேக்கறேன் பாரு" என்றேன்.

கல்யாண மண்டபத்தில் மகாசபை, சங்கத்து உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் வருஷக் கூட்டம். வாசலில் கையெழுத்து, கையில் ஸ்வீட் பாக்ஸ். பாக்ஸ் கைக்கு வந்ததும் பாதிப் பேர் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்கள். மேனேஜர் மூச்சு விடாமல் அறிக்கையை வாசித்தார். பாசிப்பச்சை பாழாக்கிய வருஷத்துக்கு அதில் 'எதிர்பாராத சந்தைச் சூழல்' என்று பெயர். அட, சம்பந்தியம்மாவுக்கு இப்படியும் ஒரு பட்டமா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து கையைத் தூக்கினேன்.

தலைவர் கெட்டிக்காரர். என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மைக்கைப் பிடித்தார். "அடடே, அண்ணா ஏன் கீழ நின்னுக்கினு இருக்காரு? மேல வாங்கணா. இந்த வருஷம் நன்றியுரை நீங்கதான்!"

என்னை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதே கிடையாது. போனேன். சால்வை போர்த்தினார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். மனைவி பெண்கள் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலைவருக்கு நன்றி சொன்னேன். குழுவுக்குச் சொன்னேன். சங்கத்தைத் திறம்பட நடத்துவதற்குச் சொன்னேன். கைதட்டல் கேட்கக் கேட்க இன்னும் சொன்னேன். வெட்கங்கெட்டவன், மண்டபத்து மின்விசிறிக்குக்கூட நன்றி சொல்லியிருப்பேன்.

மறுவாரம் பாவு கேட்டு அலுவலகம் போனேன்.

"ஸ்டாக்கு போவட்டும்பா, அப்பறம் பாக்கலாம்" என்றார் கிளார்க்.

"நன்றியுரை சொன்னவன்பா நானு!"

"தெரியாதா? மினிட்ஸ்லயே ஏத்திட்டமே. உறுப்பினர்கள் நிர்வாகத்துக்கு மனமார நன்றி தெரிவிச்சாங்க, குறை எதுவும் சொல்லலன்னு. அத வெச்சுத்தான் அடுத்த லாட்டுக்கும் அதே கலர் பாஸ் ஆச்சு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நேராகத் தனியார் முதலாளி ஒருவரிடம் போய் ஒரே ஒரு பாவு வாங்கிவந்தாள். கூலி குறைவு. "நான் நெய்யறேன்" என்று அவளே தறியில் உட்கார்ந்தாள். கரை வேறு நிறம் என்பதால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கரை நூல் வைத்த நாடாவைக் குறுக்கே எறிய வேண்டும். நெசவு பழகுகிறவர்கள் செய்கிற வேலை அது. தலை நரைத்த நான் அங்கே போய் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"நான் கேக்கலாம்னுதான் எழுந்தேன். சட்டுனு மைக்க கையில குடுத்துட்டாங்க. நான் இன்னா பண்றது?"

அவள் தலையைத் தூக்கவில்லை.

"மைக்கதான குடுத்தாங்க? அதுலயே கேட்டிருக்கலாமே."