அடைத்துப்போன குழாய்

கணையத்தில் நீர் கட்டியதால், என் கணவருக்கு வாய்வழியே கேமரா விட்டு, இரைப்பையில் துளையிட்டு, அந்த நீர் வடியப் பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். காரோடு ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது.

"வெறும் பனிக்காய்ச்சலாக்கும், கஷாயம் குடு" என்றார் அவருடைய அண்ணன். நான் கேட்கவில்லை. உடனே குழாய் வைத்த திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன்.

"அடுத்த வாரமல்லவா வரச் சொன்னது?" என்றார் சீட்டு கொடுப்பவர்.

"டாக்டரு பாக்காம நான் இங்கேருந்து ஒரு அடிகூட அனங்க மாட்டேன்" என்று வாசலை மறித்து நின்றேன்.

குழாய் அடைத்து உள்ளே சீழ் பிடித்திருந்தது. அன்றே மாற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆளே தப்பியிருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் யாருக்குச் சிகிச்சை என்றாலும், என்ன கோளாறு வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுகிறேன். வாயாடி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.