வாளோடு நின்ற தையல்காரர்

ஊரில் ஃப்ரீமேசன் சங்கம் ஆரம்பித்தபோது, அதற்குத் தையல்கடை மாடிதான் கிடைத்தது. அது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ரகசியச் சங்கம்; சேருகிறவர் ரகசியமாகச் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். கூட்டம் முடியும்வரை கதவுக்கு வெளியே ஒருவர் உருவிய வாளோடு காவல் இருக்க வேண்டும் என்பது விதி. மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர், தபால் அதிகாரி எல்லோரும் ஒருவரையொருவர் ‘சகோதரரே’ என்று அழைத்துக்கொண்டார்களே தவிர, வெளியே நிற்க ஒரு சகோதரருக்கும் மனசில்லை. கீழே இருந்த தையல்காரரைக் கூப்பிட்டு வாளைக் கொடுத்துவிட்டார்கள்.

அவரும் வாசலில் நாற்காலி போட்டு, சட்டைகளுக்குப் பட்டன் தைத்து, அந்த வாளாலேயே நூலை அறுத்துப் பதினோரு வருஷம் ஓட்டினார்.

பிறகு சங்கத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்த செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். தையல்காரர் சத்தியப் பிரமாணம் எடுத்ததாகப் பதிவே இல்லை. காவல்காரரை உறுப்பினராகச் சேர்க்க அத்தனை பேரும் மறந்திருந்தார்கள்.

அவசர அவசரமாக அவரை உள்ளே கூட்டிப்போய், கண்ணைக் கட்டி, மண்டியிட வைத்தார்கள். தலைவரான மருந்துக்கடைக்காரர் கனத்த குரலில் பிரமாணத்தைத் தொடங்கி, பாதியில் வரி மறந்து திருதிருவென்று விழித்தார். தையல்காரர் மீதியை மளமளவென்று ஒப்பித்தார்.

“இது ரகசியமாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் தலைவர்.

“கதவு அட்டை மாதிரி இருக்கு. நீங்க வேற கத்திப் பேசுறீங்க. காதைப் பொத்திக்கிட்டா வாளை எப்படிங்க பிடிக்கிறது?”

“சரி, வேற யாருக்கும் தெரியாதில்ல?”

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். “கடைசி ரெண்டு வரி எனக்கும் ரொம்ப நாள் நிக்கவே இல்லீங்க. வீட்ல அவதான் எடுத்துக் குடுத்தா.”