மூன்றாவது பெயர்

பேப்பரை விரிப்பதற்கு முன் சகாயம் அதை முகர்ந்து பார்ப்பார். சென்னையிலிருந்து வரும் இங்கிலீஷ் பேப்பர் அது. கிளப்பில் துரைமார் எல்லோரும் படித்து முடித்து, அவர்களுடைய நாய்களும் ஒரு தரம் மிதித்த பிறகு, எட்டு நாள் பழசாகி அவர் கைக்கு வரும். "இன்னிக்கு பிராந்தி" என்பார். சில நாள் "மீன்" என்பார். தம்ளர் வைத்த ஈர வட்டங்களை விரலால் தொட்டு எண்ணுவார். "இந்தப் பக்கத்துல மூணு வட்டம் கீது. மூணு தபா படிச்சுக் கீறான், பாவம், ஒண்ணும் ஏறல." இரண்டு மணி ஷிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நாற்பது பேரும் அதற்கே சிரித்துவிடுவார்கள். செய்தி அதற்குப் பிறகுதான்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆள் இறங்கும் ஷாஃப்ட்டுக்குப் போகிற வழியில் துருப்பிடித்த பழைய பாய்லர் ஒன்று கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் வாசிப்பு. ஏதோ ஒரு துரை கழித்துப்போட்ட, பொத்தான் ஒன்றுகூட மிஞ்சாத, கையில்லாத வெயிஸ்ட்கோட்டு, கீழே நாலு முழ வேட்டி, காதில் ஒரு பென்சில் துண்டு. அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை. துரைமார் பில்லியர்ட்ஸ் ஆடும்போது பக்கத்தில் நின்று பாயிண்ட் எண்ணிச் சொல்வது அவர் உத்தியோகம். அதற்கு மார்க்கர் என்று பெயர். பதினொரு வருஷமாக எண்ணிச் சொல்கிறார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பது கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கம் ஒரு பாதிரியாரிடம் வேலைக்கு இருந்தபோது கற்றுக்கொண்டதை இங்கே ஒளித்து வைத்திருக்கிறார்.

இந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு, செய்திக்குப் பஞ்சமில்லாத வருஷம். சீமையில் முடிசூட்டு விழா தள்ளிப் போனதைச் சகாயம் இப்படித்தான் அறிவித்தார்: "ராஜாவுக்கு வயித்துல கட்டியாம். நாட்டு வேலையெல்லாம் நிறுத்திட்டாங்க. நம்ப முத்துவுக்கு வயித்துல கட்டி வந்தப்ப ஒரு ஷிஃப்ட்டாவது நிறுத்துனாங்களா?" தென்னாப்பிரிக்காவில் சண்டை ஓய்ந்த செய்தி வந்தபோது, தங்கத்துக்காக மூன்று வருஷம் சுட்டுக்கொண்டார்களாம், நாம் தினமும் பூமியோடு போடுகிற சண்டையை எவனும் பேப்பரில் போடுவதில்லை என்றார். காவேரியிலிருந்து கம்பி இழுத்து மின்சார விளக்குப் போட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "ஆத்துத் தண்ணி அங்கேர்ந்து வந்து வெளக்கா எரியுதாம். நம்ப குடிசை லைன்ல குடிக்கத் தண்ணி கேட்டா மட்டும், ஆறு தூரம்ங்கறான்."

கிரிக்கெட்டை அவர் ஒருநாளும் விட்டதில்லை. மூன்று நாள் வெயிலில் நின்று, யாரும் ஜெயிக்காமல், சமம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர்களைப் பற்றி அவர் வாசித்தால் கேட்கிறவர்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். பங்காருபேட்டைக்கு வந்த நாடகக் கம்பெனியையும் விடவில்லை. அங்கே சீதையாக நடித்தவனுக்கு நாலாம் காட்சிக்குள் மீசை முளைத்துவிட்டதாம், அதைக் கண்டுதான் ராவணன் திருப்பி அனுப்பிவிட்டானாம்.

டிரில் பிடிக்கும் சின்னசாமி ஒருநாள் பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்து, இதில் எது தலை எது கால் என்று கேட்டான். சகாயம் ஒரு சோப்பு விளம்பரத்தைக் காட்டினார். "தொரசானி குளிச்சுட்டு நிக்கறா பாரு. அவ தலை மேல இருந்தா பேப்பர் நேரா கீதுன்னு அர்த்தம். தலைகீழா நின்னா தப்பு அவ மேல இல்ல." அன்றிலிருந்து லைனில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்தத் துரைசானியைத் தெரியும்.

சிரிக்க வைக்கிறவன் சந்தோஷமானவன் என்று நாம் சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம். சகாயம் விஷயத்தில் அது தப்பு. ஒரு செய்திக்கு மட்டும் அவர் குரல் மாறும். சுரங்கத்தில் பாறை சரிந்து ஆள் செத்த செய்தி அது. அதை வாசிக்கும்போது வெயிஸ்ட்கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்து மூடிக்கொள்வார். செத்தவன் பேர், தகப்பன் பேர், ஊர் என்று ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு விட்டு, நிதானமாகச் சொல்வார். கேட்பவர்கள் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை, தானாக வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன், செத்த பிறகாவது சென்னைப் பட்டணத்துப் பேப்பரில் ஏறிவிட்டான் என்று அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

பேப்பரில் அந்தப் பேர்கள் கிடையாது. ஒரு தடவையும் இருந்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் சகாயத்தின் தம்பி இன்பராஜ் பாறைக்கடியில் போனபோது, "ஒரு கூலி" என்று போட்டிருந்தான். அதே பத்தியில் காயம்பட்ட ஒரு மட்டக் குதிரைக்குப் பேர் இருந்தது. சகாயம் அன்று வாசிக்கும்போது அந்த "ஒரு கூலி" வந்த இடத்தில் வெயிஸ்ட்கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். மறுபடி வாய் திறந்தபோது தம்பியின் பேர் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் முன்கூட்டியே லைனுக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஆனி மாதம் ஒரு சுரங்கத்தில் மறுபடி சரிந்தது. எந்தச் சுரங்கம் என்று சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. பேப்பரில், அந்தச் சரிவில் அடிபட்ட ஹரோல்ட் துரையின் தோள்பட்டை எலும்புக்கு ஒன்பது வரி, வைத்தியம் பார்த்த டாக்டருக்கு இரண்டு வரி, கடைசியில் "இரண்டு கூலிகள் இறந்தனர்" என்று அரை வரி. ஆனால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிய ஆட்களோ மூன்று பேர் மேலே வரவில்லை என்றார்கள். இரண்டு உடல்தான் எடுத்தார்கள். மூன்றாவது ஆள் கிடந்த பக்கத்தை மண்ணையும் மரத்தையும் போட்டு அடைத்துவிட்டார்கள். அவன் அன்று இறங்கவே இல்லை, தென்னாப்பிரிக்கா பக்கம் நேட்டாலுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டோடு கப்பலேற ஓடிவிட்டான் என்று காண்டிராக்டர் சொன்னான். சகாயம் பாய்லர்மேல் உட்கார்ந்து மூன்று பேரையும் வாசித்தார். மூன்றாவது பேர், ஏழுமலை.

அடுத்த வாரம் ஏழுமலையின் பெண்சாதி கங்கம்மா கிளப்பின் பின்வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் தாலி இருந்தது. அறுப்பதா வேண்டாமா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. லைனில் பெண்கள் அவளிடம் துக்கமும் கேட்கவில்லை, சாதாரணமாகவும் பேசவில்லை. பள்ளிகொண்டாப் பக்கம் இருக்கும் மச்சானிடம், ஏழுமலையின் அண்ணனிடம், ஆள் அனுப்பியிருந்தாள். ஓடிப் போனவனுக்குக் காரியம் செய்ய முடியாது, செத்தது நிஜமென்றால் அந்தப் பேப்பரைக் கொண்டு வா, காரியமும் செய்கிறேன், வீட்டில் இடமும் தருகிறேன், இல்லாவிட்டால் வாசல்படி ஏறாதே என்று பதில் வந்தது. இங்கே காண்டிராக்டரோ, புது ஆள் வருகிறான், சனிக்கிழமைக்குள் குடிசையைக் காலி பண்ணு என்கிறான்.

"அண்ணா, அந்தப் பேப்பர் வேணும். அவரு பேரு வந்துச்சே, அது."

எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம். துரை திரும்ப வாங்கிக்கொண்டான் என்று சொல்லலாம். சகாயம் பில்லியர்ட்ஸ் சாக்பீஸை விரலில் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"அதுல பேரு இல்ல, கங்கம்மா. எவன் பேரும் இல்ல. ரெண்டு கூலின்னு மட்டும் போட்டுக் கீது. பேரெல்லாம் நான் சொன்னது."

அவள் அழவில்லை. "உன் தம்பி பேருமா?" என்றாள்.

"அதான் மொதல்ல."

அப்படியானால் இப்போது எழுதிக் கொடு என்றாள். மையால் எழுதினால் தெரிந்துவிடும், இது அச்சு என்றார். அச்சுப் போடுகிறவனும் மனுஷன்தானே, அவனிடம் கேள் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சகாயம் காதிலிருந்த பென்சிலை முதல்முறையாக எடுத்தார். எழுதிக் கிழித்து, மறுபடி மையில் எழுதி, பேப்பர் ஆபீசுக்கு ஒரு கடிதம் போட்டார். இறந்தது மூன்று பேர், அவர்கள் பேர் இன்னின்னது, தயவுசெய்து பிரசுரிக்கவும் என்று. கையெழுத்தும் போட்டார். கிளப்புக்குத் தெரிந்தால் அன்றே வேலை போய்விடும். அதற்கப்புறம் தினமும் காலையில், துரைமார் வருவதற்கு முன், புதுப் பேப்பரை மடிப்புக் கலையாமல் திறந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை வாசகர் கடிதங்கள் வந்தன. கடற்கரையில் வாசிக்கிற பாண்டு வாத்தியத்தில் சுருதி சேரவில்லை என்று ஒருவர் முக்கால் பத்திக்கு வருந்தியிருந்தார். வேறு கடிதம் இல்லை.

அன்று மத்தியானம் பாய்லர்மேல் உட்கார்ந்தார். கிரிக்கெட்டு இன்னா ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். "சமம்" என்றார். சிரிப்பதற்குக் காத்திருந்தவர்கள் கேஜ் வரும்வரை காத்திருந்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

சனிக்கிழமை பகல் ரயிலுக்குக் கங்கம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். ஒரு பானை, ஒரு மூட்டை, மூட்டைக்குள் ஏழுமலையின் கம்பளி. பங்காருபேட்டையில் வண்டி மாற வேண்டும். சகாயம் அந்தப் பழைய பேப்பரை வெயிஸ்ட்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள்.

"குடு. ஊர்ல இங்கிலீஷ் தெரிஞ்சவன் கர்ணம் ஒருத்தன்தான். அவன் தாலுக்கா கச்சேரிக்குப் போற நாளாப் பாத்து மச்சான் முன்னாடி எடுக்கறேன். பாதிரி ஸ்கூல்ல கத்துக்கினேன்னு சொல்லிட்டு நானே படிச்சுடறேன்."

"கர்ணம் திரும்பி வருவானே?"

"வர்றதுக்குள்ள காரியம் ஆயிடும். ஆன காரியத்த யாரு திருப்பறது?"

பிறகு பேப்பரை விரித்துப் பிடித்து, சொல்லிக் காட்டினாள். ஏழுமலை, தகப்பன் பேர் பொன்னன், பள்ளிகொண்டா. ஒவ்வொரு பேருக்கும் நடுவில் மூச்சு விட்டாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அத்தனையும் அவருடைய நிதானம், அவருடைய குரல். ஒன்பது வருஷமாகத் தான் செய்துவந்தது என்ன என்று சகாயத்துக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. இது இரண்டு நாள்கூட நிற்காது என்றும் அவருக்குத் தெரிந்தது. அந்த மச்சான் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு கர்ணம் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பான்.

என்ஜின் சங்கு ஊதியது. ஜன்னலுக்குள் அவள் இன்னும் பேப்பரை விரித்தபடியே இருந்தாள். தலைகீழாக. அந்தத் தாளில் படம் ஏதும் இல்லை, துரைசானியும் இல்லை. சகாயம் அதை வாங்கித் திருப்பி நேராக வைத்தார். எது மேல்பக்கம் என்று அவள் விரலுக்குத் தெரியும்படி, மேல்மூலையை நகத்தால் அழுத்தி மடித்து, ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தார்.