பேஷண்டாக நடித்தவர்

இதை எழுதுபவன் சிஸ்டரை முதலில் பார்த்தபோது அவள் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். கீழே சாவி செய்கிற கடை, மேலே ஆங்கிலப் பேச்சு வகுப்பு. ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் கொஞ்சம் பேச வேண்டும். வீட்டிலேயே முதல் பட்டம் வாங்கியவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன எழுதுபவனுக்கே அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து பெஞ்சில் இருந்த சிஸ்டரின் நிலைமை அதைவிட மோசம். ஆண்கள் வார்டில் பல வருட அனுபவம் அவளுக்கு. எந்தக் கையிலும் தொட்டவுடன் நரம்பைக் கண்டுபிடித்துவிடும் அந்த விரல்கள் டெஸ்க்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஐ ஆம்... ஐ ஆம் எ..." அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

"சிஸ்டர், பேஷண்ட் உங்களை நம்பிப் படுத்திருக்காரு. இப்படி முழிச்சீங்கன்னா எழுந்து ஓடிடுவாரு" என்றார் சொல்லித்தரும் மிஸ்.

வகுப்பு சிரித்தது. சிஸ்டரும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பக்கத்தில் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "ஆபரேஷன் நடக்கும்போது கரண்ட் போயிருக்கு தம்பி. அப்பகூட எனக்கு இப்படி உதறல் எடுத்ததில்ல."

அந்த உதறலுக்குக் காரணம் இருந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் நர்சுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் போக முடியும். எழுதுவது, படிப்பது, கேட்பது மூன்றிலும் அவள் தேறிவிட்டாள். பேச்சில்தான் கவிழ்ந்தாள். தேர்வாளர் நோயாளியாக நடிப்பார், அவள் நர்சாகப் பேச வேண்டும். என்ன நோய், என்ன கவலை என்பது கையில் கொடுக்கும் அட்டையில் இருக்கும். மீதியெல்லாம் எதிரே இருப்பவர் என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்தது. முதல் முறை எதிரே இருந்தவர் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று குரலை உயர்த்தி நடித்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் சிதறி ஓடிவிட்டன. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தாள். இன்னொரு முறை எழுதும் வரைதான் காத்திருப்போம் என்று அந்த ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது.

"வீட்ல யாரையாவது பேஷண்டா உட்கார வெச்சுப் பேசிப் பழகுங்க" என்றார் மிஸ். "உங்களைத் திக்குமுக்காட வைக்கிற ஆளா இருக்கணும்."

வீட்டில் இருந்தது கணவர் மட்டும். லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். ஆனால் பட்டறையில் பாதிப் பேச்சு ஆங்கிலம்தானே, டூல், பேரிங், செட்டிங் என்று. அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டார்.

"நடிப்பா? நமக்கு அது கைவந்த கலை. முதலாளி வரும்போது வேலை செய்ற மாதிரி நடிக்கிறவன்தானே நான்."

"இதுல வலிக்கிற மாதிரி நடிக்கணும்."

"கல்யாணம் ஆனவனுக்கு அதையும் சொல்லித் தரணுமா நர்சம்மா?"

அன்றிலிருந்து மாலை நேரத்துக்கு ஒரு சட்டம் வந்தது. இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போடப்படும். அதில் அவர் பேஷண்ட், எதிரே ஸ்டூலில் மிஸ் கொடுத்த பயிற்சி அட்டைகளோடு அவள் நர்ஸ். பயிற்சி முடியும் வரை ஆங்கிலம் மட்டும்தான். யார் வாயில் தமிழ் வருகிறதோ அவர் போய் டீ போட வேண்டும். முதல் வாரம் முழுக்க டீ போட்டது அவர்தான்.

வலியைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகளை மிஸ் தனியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். மந்தமான வலி, கூர்மையான வலி, எரிகிற வலி, துடிக்கிற வலி, இறுக்குகிற வலி. அவர் அவற்றைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அவ்வளவுதானா? நம்மகிட்ட எத்தனை இருக்கு! சுருக்குனு குத்துது, விண்ணுவிண்ணுனு தெறிக்குது, கடுக்குது, பிசையுது, குடையுது, இழுக்குது..."

"இத்தனையும் வெச்சுக்கிட்டு நீங்க என்கிட்ட சொல்றது ஒரே வார்த்தைதானே. 'ஒண்ணுமில்ல.'"

"நர்சம்மா, நீயும்தான் தமிழ் பேசிட்ட. நான் போட்டது போதும். டீ போடு."

ஆனால் சிரிப்போடு போகவில்லை அந்த மாலைகள். தேர்வு நெருங்க நெருங்க அவளுக்குப் பேச்சு இன்னும் தடுக்கியது. பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒரு வார்த்தை வராது. அது வராத இடத்தில் அடுத்த வார்த்தையும் வந்து முட்டி நிற்கும். கனவிலும் ஒரு நாற்காலி, அதில் முகம் தெரியாத ஒருவர், "சிஸ்டர், டெல் மீ" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். விழித்ததும் விளக்கைப் போடுவாள். பக்கத்தில் கணவரும் விழித்துப் படுத்திருப்பார். "தூக்கம் வரலியா?" என்றால், "உன் கனவுல நான் பேஷண்ட், எப்படித் தூங்குறது" என்பார். அவளும் அதை நம்பினாள்.

இன்னொன்றும் அவளுக்கு எரிச்சலூட்டியது. அட்டையில் எந்த நோய் இருந்தாலும் அவர் அதில் நிற்பதில்லை. கால் முறிவு என்று தொடங்குவார், இரண்டு கேள்வியில் கை நெஞ்சுக்குப் போய்விடும். வயிற்றுப் புண் என்றால் இடது தோளைத் தேய்ப்பார்.

"ஏங்க, கார்டுல காலு. நீங்க எதுக்கு நெஞ்சைப் புடிக்கிறீங்க?"

"எங்க வலிக்குதுன்னு பேஷண்டுக்குத்தான் தெரியும். மிஸ் என்ன சொன்னாங்க, திக்குமுக்காட வைக்கணும்னாங்களா இல்லையா? போ, டீ."

அதுவும் சரிதான் என்று அவள் டீ போட்டாள். எதிர்பாராத பதில் வந்தால் சமாளிக்கப் பழகலாம். அவர் மெனக்கெட்டுத் தனக்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்தாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். பட்டறையில் வேலை இல்லை என்றார். முகம் கழுவாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அட்டையை எடுத்தாள். சர்க்கரை நோயாளி, காலில் புண், ஆஸ்பத்திரியில் தங்க மறுக்கிறார்.

அவள் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, எங்கே வலி என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"செஸ்ட்" என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாளைக்குத் தேர்வு, இன்றைக்குமா? ஆனாலும் தமிழில் திட்டிவிட்டு டீ போட எழுந்திருக்க நேரமில்லை. எப்படிப்பட்ட வலி என்று கேட்டாள். மிஸ் கொடுத்த வார்த்தைகளில் ஒன்று வரும் என்று காத்திருந்தாள்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு வலது கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, ஒரு கைப்பிடியைப் பிடித்துத் திருகுவதுபோல் மெல்லத் திருகினார்.

"லைக் வைஸ், சிஸ்டர். சம்படி டைட், டைட், டைட்."

வைஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பட்டறை மேஜையில் முடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பிடி. நடுவில் எதை வைத்துத் திருகினாலும் அசைய விடாமல் கவ்விக்கொள்ளும். அவள் கையில் இருந்த அட்டை மடங்கியது. எந்த அட்டையிலும் இல்லாத வார்த்தை அது. வலியைக் கடன் வாங்கி நடிக்கிறவன் அந்த வார்த்தைக்குப் போக மாட்டான். அந்தக் கைப்பிடியைத் தினமும் திருகுகிறவன், தன் வலியைச் சொல்லும்போதுதான் போவான்.

எப்போது வருகிறது என்று கேட்டாள்.

"வென் ஐ க்ளைம்ப். வென் ஐ லிஃப்ட் ஹெவி. நவ், வென் ஐ சிட் ஆல்சோ."

ஏறும்போது, கனம் தூக்கும்போது, இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். வார்டில் இதே வரிசையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள்! மூன்றாவதைச் சொன்னவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஓடியிருக்கிறாள்.

"வீட்டில் யாருக்காவது தெரியுமா?" இது தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி. மனப்பாடமாக இருந்ததால் ஆங்கிலத்தில் தானாக வந்துவிட்டது.

"நோ, சிஸ்டர். மை வைஃப் ஹாஸ் எக்ஸாம்."

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"என்னங்க. தமிழ்ல சொல்லுங்க. நிஜமாவா?"

அவர் கண்ணைத் திறந்தார். அந்த நொடியிலேயே பேஷண்ட் காணாமல் போனான், கணவர் வந்துவிட்டார்.

"சே, சே. ஆக்டிங். பயந்துட்டியா? போ, நீதான் டீ."

"கையைக் கொடுங்க."

"ஒண்ணுமில்லடி. மத்தியானம் சாப்பிட்டது சேரல. வாயு."

அந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அவருடைய அப்பாவும் வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டில் நெஞ்சு வலி என்று ஒன்று கிடையாது. இருந்தது எல்லாமே வாயு. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வேர்வையில் விரல் வழுக்கியது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவருக்கு நெற்றி சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்கு எக்ஸாம் வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி? நீ முடிச்சுட்டு வா, அப்புறம் பார்த்துக்கலாம். படுத்தா சரியாயிடும்."

அழுதாள். கெஞ்சினாள். சத்தம் போட்டாள். தமிழில் எது சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அவளை இத்தனை வருடமாகச் சமாதானப்படுத்திய அதே பதில்கள். பேசப் பேச அவர் உதட்டின் நிறம் மாறுவதை அவள் பார்த்தாள். இனி ஒரு நிமிடம்கூட வாதாட முடியாது.

அவள் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மிஸ்டர், ஐ ஆம் யுவர் நர்ஸ். ஐ ஆம் வெரி வொரீட். ப்ளீஸ் கம் வித் மீ. நவ்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியது, சிரிக்கப் போகிறார் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

"யெஸ், சிஸ்டர்" என்றார்.

வீட்டில் இருந்த ஆஸ்பிரினை மென்று முழுங்கச் சொன்னாள். மாடி வீட்டிலிருந்து ஒவ்வொரு படியாக உட்கார வைத்து உட்கார வைத்துக் கீழே இறக்கினாள். தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவர் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது.

"சிஸ்டர், வாட் வில் ஹாப்பன் டு மீ?"

எனக்கு என்ன ஆகும்? இதற்கு மிஸ் அழகான பதில் ஒன்றை உருப்போட வைத்திருந்தார். நல்ல கைகளில் இருக்கிறீர்கள், கவலை வேண்டாம் என்கிற மாதிரி. அதில் ஒரு எழுத்துகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"ஐ ஆம் ஹியர்" என்றாள். வேறெதுவும் வராததால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "வெளிநாட்டுக்காரங்களாம்மா?"

"அண்ணா, சீக்கிரம் போங்கண்ணா, புருஷனுக்கு நெஞ்சு வலி!"

அதற்குப் பிறகு அந்த ஆட்டோ எந்தச் சிக்னலையும் மதிக்கவில்லை.

அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிதான். தினமும் அவள் தள்ளுகிற ஸ்ட்ரெச்சரை இன்று மற்றவர்கள் தள்ளினார்கள். ஈசிஜி தாள் ஓடி வந்ததை ஓரமாக நின்று பார்த்தாள். டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது, அந்தக் கோடுகளை அவள் படிப்பாள். படிக்கத் தெரியாதவளாக இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது தோன்றியது. அன்றே மருந்து கொடுத்தார்கள். வலி அடங்காததால் காலையில் முதல் ஆளாக ஆஞ்சியோ அறைக்குள் எடுத்தார்கள்.

மூடிய கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மிஸ்.

"எங்க இருக்கீங்க சிஸ்டர்? எல்லாரும் எக்ஸாம் ஹாலுக்கு வந்தாச்சு, உங்களைக் காணோம்."

அவள் சொன்னாள்.

"அங்கயே இருங்க. எங்கயும் போகாதீங்க" என்றார் மிஸ்.

கதவு திறக்கவில்லை. உள்ளே யாரோ வேகமாக நடக்கும் சத்தம் கேட்டது. அது எதற்கான வேகம் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததால் காதைப் பொத்திக்கொண்டாள். வார்டில் இத்தனை வருடமாக எத்தனையோ மனைவிகளிடம் "பயப்படாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வார்த்தைக்கு ஒரு பைசா பெறுமானமும் இல்லை என்று இந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

டாக்டர் வெளியே வந்தார். ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருக்கிறோம், பிழைத்துக்கொண்டார் என்றார். இன்னும் ஒரு பொழுது தள்ளிப் போட்டிருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாலையில் அவருக்குப் பேச்சு வந்தது. முதல் கேள்வியே அதுதான்.

"எக்ஸாம்?"

"போகல."

"அடிப்பாவி! அதுக்காகத்தானே இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்?"

"யாரு, நீங்களா வாயை மூடிட்டு இருந்தீங்க? சாயங்காலம் ஆனா இங்கிலீஷ்ல கத்திக்கிட்டுல்ல இருந்தீங்க. எனக்குத்தான் காது கேக்கல."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "தமிழ்ல சொல்ல பயமா இருந்துச்சு" என்றார். "சொன்னா நிஜமாயிடும் போல இருந்துச்சு."

சிஸ்டர் இப்போது அதே ஆஸ்பத்திரியில், அதே ஆண்கள் வார்டில் இருக்கிறாள். வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. கணவர் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். கனம் தூக்குவதில்லை, கடைந்த சாமான்களை அளவு பார்க்கிற மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த தேர்வுக்கு அவள் பெயர் கொடுத்திருக்கிறாள், மாடி வகுப்புக்கும் வருகிறாள், பேச எழுந்தால் இன்னும் டெஸ்க்கைப் பிடித்துக்கொள்கிறாள். பேஷண்டாக நடிக்க வார்டில் உடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்துபோகிறாள். கணவரை அதற்கு அவள் உட்கார விடுவதில்லை.