அவில்தாருக்கு ரிலீவர் வரவில்லை

மதியம் இரண்டு மணிக்கு ஏ ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிவிட்டது. மெயின் கேட்டில் காவலுக்கு நின்றிருந்த அவில்தார் ஆதிகேசவனை விடுவிக்க வேண்டிய அடுத்த ஷிப்ட் காவலர் தசரதன் வந்து சேரவில்லை. ரிலீவர் வராமல் போவது எங்கள் இரும்பு உருக்காலையில் புதிதல்ல. ஆனால் அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆதிகேசவன் திருவள்ளூர் மைதானத்தில் இருந்தாக வேண்டும்.

அவருடைய பேத்தி பவித்ரா காலையிலேயே தன் பி.டி. டீச்சரோடு வாலிபால் தேர்வுக்குப் போயிருந்தாள். தேர்வானால் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்க இடம் கிடைக்கும். பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவள் தேர்வாகிவிட்டாள் என்று டீச்சர் மதியமே போன் செய்துவிட்டார். தாய் இறந்து, தகப்பன் வேறு குடும்பம் கட்டிக்கொண்டு போன அந்தப் பெண்ணுக்குத் தாத்தாவைத் தவிர கையெழுத்துப் போட ஆள் இல்லை.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த ஆலையின் டைம் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருகைப் பதிவு, ஷிப்ட் பட்டியல், ஓ.டி. கணக்கு ஆகியவை என் பொறுப்பு. நாள் கிழமை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இந்தச் சம்பவம் வெள்ளிக்கிழமை நடந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். வியாழக்கிழமைதான். எங்கள் கேண்டீனில் முட்டைக் குழம்பு வியாழனன்று மட்டுமே. அன்று ஆதிகேசவன் தன் பங்கு முட்டையைப் பேத்திக்கென்று பொட்டலம் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

ஆள் எப்படி

ராணுவத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் எங்களிடம் வந்தவர் ஆதிகேசவன். எப்போதும் ஏ ஷிப்ட் மட்டுமே கேட்டு வாங்குவார். சூப்பர்வைசர் ஆக்குகிறோம், ஆனால் ஷிப்ட் மாறி மாறி வரும் என்று ஏஜென்சி சொன்னபோது மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர்றப்ப ஊட்டுக் கதவு தெறந்து இருக்கணும் சார்" என்றார்.

மாலையில் காலனிக்குப் பின்னாலிருந்த தரிசு நிலத்தில் வாலிபால் சொல்லிக் கொடுப்பார். எங்கள் ஆலை கழித்துப்போட்ட இரும்புப் பைப்புகள்தான் வலை கட்டும் கம்பங்கள். முதலில் பெண் பிள்ளைகள், அவர்கள் போன பிறகு ஷிப்ட் முடித்த தொழிலாளிகள். பெண்களை அனுப்பத் தயங்கிய வீடுகளுக்குத் தானே போய் அழைத்து வந்து, ஆட்டம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். எவ்வளவு நன்றாக ஆடுகிறவரையும் ஒரு செட்டாவது வெளியே உட்கார வைத்து, மாற்று ஆளை இறக்குவது அவர் வழக்கம். ஒருமுறை பவித்ராவையே உட்கார வைத்தார்.

"ஜெயிச்சிக்கினு தானே கீறோம், என்னை ஏன் தாத்தா உக்கார வெக்கிற?"

"நீ இல்லாங்காட்டி இன்னா ஆவும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"ரிலீவர் யாரு?"

உருக்காலையில் ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. உலையில் இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போகிறவன் கேட்டைத் தாண்டும்போது ஆதிகேசவன் கேட்கும் ஒரே கேள்வி, "ரிலீவர் யாரு?"

ஃபர்னஸ் ஆபரேட்டர் ஏழுமலைக்கும் அவருக்கும் இதில்தான் தகராறு. ஒருநாள் ஏழுமலையின் மகளுக்குக் காது குத்து. திருத்தணியில் சொந்தபந்தமெல்லாம் காத்திருக்கிறது. ரிலீவர் வராமலே ஏழுமலை குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார்.

"ரிலீவர் யாரு?"

"வரல."

"அப்ப நீயும் வரல. உள்ள போ."

ஏழுமலை அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு டபுள் ஷிப்ட் பார்த்தார். அதன் பிறகு மைதானத்துக்கு ஆட வருவார், ஆனால் ஆதிகேசவனோடு பேச்சில்லை. பந்தைக் கூட வேறு ஆள் மூலம்தான் கொடுப்பார்.

அந்த வியாழக்கிழமை

தசரதன் ஒருவழியாக போனில் கிடைத்தான். "எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரி கவுந்து கீதுண்ணா. பஸ்சு நவுரல. எறங்கி நடந்து வந்துகினு கீறேன்."

பின் கேட்டில் இருந்த இன்னொரு காவலர் ஸ்கிராப் லாரிகளுக்கு நடுவே இருந்தார். அவரை அழைக்க முடியாது. நான் போய், "கெளம்புங்க அவில்தார், நான் நிக்கிறேன்" என்றேன்.

"நீங்க நிக்கக் கூடாது சார். ஆளு வந்தான்னு எழுதறது நீங்க. வந்தானான்னு பாக்கறது நாங்க. ரெண்டும் ஒரே கையில இருந்தா அப்பறம் கேட்டு எதுக்கு?"

அவர் சொன்னது சரி. அப்படிப் பிரித்து வைத்திருப்பதால்தான் எங்கள் ஆலையில் வராத ஆளுக்குச் சம்பளம் போனதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஏழுமலை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவராகப் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா அவில்தாரே, ஊட்டுக்குப் போவல?"

"ரிலீவர் வரல."

"அப்ப நீங்களும் வரல."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆதிகேசவன், "கரெக்ட்டு" என்று மட்டும் சொன்னார்.

நான் ஏழுமலையிடம் திருவள்ளூர் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

"ஏறுங்க."

"போஸ்ட்டு?"

"அன்னிக்கு என் பின்னாடி கொதிக்கிற இரும்பு இருந்திச்சி. உட்டுட்டுப் போயிருந்தா நாலு பேரு வெந்துருப்பான். உங்க பின்னாடி இன்னா கீது? ஒரு கேட்டு. ரெண்டும் ஒண்ணா? பேஜாரு பண்ணாம ஏறுங்க."

ஆதிகேசவன் ரோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஏஜென்சி அதிகாரிக்குப் போன் போட்டார். "சார், ஆதிகேசவன் பேசறேன். ரிலீவர் இல்லாம போஸ்ட்ட உட்டுட்டுப் போறேன். மெமோ ரெடி பண்ணி வைங்க." பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார், சாவிக் கொத்தை என்னிடம் கொடுத்தார். "லாரி எதையும் வெளிய உடாதீங்க சார். ஆளுங்கள மட்டும் உடுங்க."

பெரியபாளையம் வழியாகப் போனார்கள்.

நான் கேட்டில் நின்றேன். உள்ளே கம்பி ஏற்றிய லாரிகள் வரிசை கட்டின. "யோவ், யாருய்யா நீ புது ஆளு?" என்று ஒரு டிரைவர் கத்தினார். ஆந்திரா லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து தோளில் கை போட்டு, "இன்னா நைனா, டப்பு குடுத்தாத்தான் தெறப்பியா?" என்று கேட்டார். தசரதன் புழுதியும் வியர்வையுமாக வந்து சேரும்வரை நான் லாரிகளை மறிக்கும் கேட்டுச் சங்கிலியைக் கையிலிருந்து விடவில்லை. விட்டதும் உள்ளங்கையில் அதன் அச்சு இருந்தது.

இருட்டும் நேரத்தில் ஆதிகேசவனிடமிருந்து போன் வந்தது. "கையெழுத்து ஆச்சு சார். தசரதன் வந்துட்டானா?"

மெமோ

மறுநாள் ஏஜென்சி அதிகாரி நேரில் வந்தார். "உடுங்க அவில்தார், தாத்தாவா போனீங்க. நான் எழுதல" என்றார்.

"எத்தினி பேர நான் உள்ள திருப்பி அனுப்பிகீறேன். எனக்குன்னா மட்டும் எழுத மாட்டீங்களா?"

கேட்டு வாங்கினார். ஒருநாள் சஸ்பென்ஷன். பேத்தியை விடுதியில் சேர்க்க வேண்டிய நாளாகப் பார்த்து அதைத் தரச் சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே தேதி போட்டார்.

அந்த வாரம் ஷிப்ட் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஃபர்னஸுக்கு ஸ்டாண்ட்பை இருந்தது. கிரேனுக்கு இருந்தது. அடிக்கடி லீவு போடும் எல்லோருக்கும் நான் மாற்று ஆள் யோசித்து வைத்திருந்தேன். மெயின் கேட்டுக்கு இல்லை. ஆதிகேசவன் லீவே போடாதவர் என்பதால் ஏஜென்சிக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. மேனேஜரிடம் பேசி, செக்யூரிட்டிக்கும் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் ஒரு ஸ்டாண்ட்பை போட வைத்தோம்.

ஏழுமலை சொன்னது

ஆதிகேசவன் சென்ற மாதம் காலமானார். பவித்ரா இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். சாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழுமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கு நாங்க போறப்ப எல்லாரும் பூட்டாங்க சார். அந்த டீச்சரும் இந்தப் பொண்ணும் படிக்கட்டுல குந்திகினு இருந்தாங்க. ஆபீசரு பைய மாட்டிகினு நிக்கிறாரு. எங்களப் பாத்ததும் அழுவும்னு நெனச்சேன். அது இன்னா கேட்டிச்சி தெரியுமா? 'கேட்டுல யாரு தாத்தா நிக்கிறாங்க?'"

"அவரு இன்னா சொன்னாரு?"

"அவருக்கு மூச்சு வாங்குது. நான்தான் சொன்னேன், டைம் ஆபீஸ் சாருன்னு. ஒடனே, 'அவரு நிக்கக் கூடாதே. சீக்கிரம் கையெழுத்துப் போடு தாத்தா, போலாம்'னு அவரு கையப் புடிச்சி இழுத்துகினு போச்சி."

மதியத்திலிருந்து தாத்தா வருவாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அது.

இப்போது ஷிப்ட் பட்டியல் போடும் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். லீவே போடாத ஆளின் பெயரை எழுதும்போது, பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதி வையுங்கள். அவராக வந்து கேட்க மாட்டார். அவர் வீட்டில் இருப்பவர்களும் கேட்க மாட்டார்கள்.